கந்தே எல குளத்துக்குத் தனியாக நடக்கப் போகிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார், அக்காமார். பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை நுவரெலியா பிளக்பூல் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மீபிலிமான வழியாக கந்தே எல குளம் வரை நடந்து, அன்றே திரும்பலாம் என்று இருக்கிறேன். தனியாகத்தான்.

ஹட்டன் குளிர் எனக்குப் பழக்கம். ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை மாத விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும், தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். அதனால் வெயில் ஏறிய பிறகுதான் நடக்கத் தொடங்குவேன். உண்மையான பயம் மதியத்துக்கு மேல் இறங்கும் மூடுபனிதான். போன மாதம் எங்கள் தோட்டத்து மேல்மலையிலேயே பத்தடி தள்ளி இருந்த செடி தெரியாமல் அரை மணிநேரம் நின்ற இடத்திலேயே நின்றேன்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். குளத்தை ஒட்டிய காட்டில் வழி பிரிந்தால் எந்தப் பக்கம் போவது? போனில் சிக்னல் இருக்குமா? நுவரெலியாவுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? சாதாரண கென்வஸ் சப்பாத்து போதுமா?

டார்ச், மழைக்கோட்டு, சுடுதண்ணீர், அட்டைக்கு உப்பு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். ஆறேகாலுக்குப் பொழுது சாய்ந்துவிடும், அதனால் ஒரு மணிக்கே திரும்ப நினைக்கிறேன். சரிதானா? போகும் பாதையைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுக்க வேண்டும், அதனால் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.