எல்லையைக் காக்க மாநிலமே சட்டம் போடலாமா?

பாலைவனவாசி:
டெக்சாஸின் எஸ்பி 4 சட்டத்துக்காக ஆளுநர் அபாட்டை எல்லோரும் திட்டுகிறீர்கள். 2023 டிசம்பரில் அவர் கையெழுத்திட்ட சட்டம் சொல்வது இதுதான்: எல்லைச் சாவடி வழியாக வராமல் மெக்சிகோவிலிருந்து ஆற்றைக் கடந்து வந்தால் மாநிலக் குற்றம். உள்ளூர் போலீஸே கைது செய்யலாம், மாநில நீதிபதியே மெக்சிகோவுக்குத் திரும்பிப் போகச் சொல்லலாம். மத்திய சட்டப்படியும் அது குற்றம்தானே? வாஷிங்டன் கைவிட்டால் எல்லையோரக் கவுண்டிகள், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரியானவை, எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்? ஜெயில் செலவும் ஆஸ்பத்திரி செலவும் உள்ளூர்க்காரர் தலையில்தான் விழுகின்றன. நாமெல்லாம் ஹெச்1பி, கிரீன் கார்டு என்று வருஷக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள்.

கோவைக்காரன்:
வரிசையில் நின்ற வலி எனக்கும் உண்டு நண்பரே. ஆனால் மாநில நீதிபதி "திரும்பிப் போ" என்றால் எங்கே போவது? 2024 மார்ச் 19 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்ததால் அந்தச் சட்டம் சில மணி நேரம் அமலில் இருந்தது. அன்றைக்கே மெக்சிகோ, டெக்சாஸ் அனுப்பும் யாரையும் ஏற்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டது. ராத்திரியே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி தடை போட்டது. வெளிநாட்டு அரசோடு பேசும் அதிகாரம் வாஷிங்டனுக்குத்தான். அரிசோனாவின் எஸ்பி 1070 என்ற குடியேற்றச் சட்ட வழக்கிலும் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் நான்கில் மூன்று பிரிவுகள், மத்திய அரசின் அதிகாரத்தில் குறுக்கிடுகின்றன என்றுதான் விழுந்தன.

பாலைவனவாசி:
நான்காவது பிரிவை ஏன் விட்டுவிட்டீர்கள்? வேறு காரணத்துக்காக நிறுத்திய ஆள்மீது நியாயமான சந்தேகம் வந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்கலாம் என்ற அந்தப் பிரிவைத் தடுக்க முடியாது என்று வழக்கை விசாரித்த எட்டு நீதிபதிகளும் சொன்னார்கள். இனத்தைப் பார்த்து விசாரிக்கக் கூடாது என்ற திருத்தமும் சட்டம் வந்த ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

கோவைக்காரன்:
அமலுக்கு வந்தபின் சிக்கல் எழுந்தால் மறுபடி வழக்குப் போடலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சரி, காகிதத்தில் திருத்தம் இருக்கிறது, ரோட்டில்? காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்துகிறார்கள். ஓட்டுகிறவர் வெள்ளைக்காரர் என்றால் டிக்கெட்டோடு முடியும். மாநிறம் என்றால் அடுத்த கேள்வி வரும். அரிசோனாவின் மேரிகோபா கவுண்டி ஷெரீப், அதாவது அங்கத்திய போலீஸ் தலைவர், ஆர்பையோவின் ஆட்கள் லத்தீன் மக்களை இனம் பார்த்தே நிறுத்தினார்கள் என்று 2013-இல் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. நம் முகமும் மாநிறம்தான்.

ஹன்ட்ஸ்வில் அக்கா:
தம்பிகளா, அலபாமாவை யாருமே சொல்லவில்லையே. 2011-இல் இங்கே வந்த எச்பி 56 என்ற குடியேற்றச் சட்டம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதே அதன் குடியேற்ற நிலையைக் கேட்கச் சொன்னது. நீதிமன்றம் தடுப்பதற்குள் ஹிஸ்பானிக் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தையும் அப்பா அம்மா பிடிபட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் வீட்டில் இருந்தது. தக்காளி பறிக்க ஆள் இல்லாமல் தோட்டத்திலேயே அழுகியது. அப்புறம் டஸ்கலூசாவில் ஒரு ஜெர்மன்காரர், மெர்சிடிஸ் அதிகாரி, சரியான லைசன்ஸ் கையில் இல்லை என்று கைதானார். முன்பெல்லாம் அதற்கு டிக்கெட் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

பாலைவனவாசி:
அக்கா, பிள்ளைகள் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். அந்தப் பிரிவு வந்திருக்கவே கூடாது. அதற்காக மாநிலம் எதையுமே செய்யக் கூடாதா?

கோவைக்காரன்:
செய்யலாம், வேலை கொடுக்கிறவனைப் பிடிக்கட்டும். அரிசோனா 2007-இலேயே அப்படி ஒரு சட்டம் போட்டது. ஆள் எடுக்கும்போது, வேலை செய்ய அனுமதி உண்டா என்று பார்க்கும் மத்திய அரசின் இணைய வசதியான இ-வெரிஃபையில் சரிபார்க்க வேண்டும், அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைத்தால் தொழில் உரிமம் பறிபோகலாம். வர்த்தக சபை வழக்குப் போட்டும் 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் முதலாளியைப் பற்றி எஸ்பி 4-இல் ஒரு வரியும் இல்லை. ஆற்றைக் கடந்து வந்தவனுக்கு மட்டும் ஜெயில்.

பாலைவனவாசி:
அந்த 2007 சட்டத்தை நானும் ஆதரித்தேன், இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் வேலைக்கு வருகிறவர் அடுத்தவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை, அதாவது அரசு தரும் அடையாள எண்ணை, கொடுத்தால் இ-வெரிஃபையையும் ஏமாற்றலாம். ராத்திரியில் ஆற்றங்கரையில் நிற்கும் போலீஸ்காரருக்கும் ஒரு அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை.