டிடெர்மினருக்குத் தமிழில் என்ன சொல்வது? திங்களுக்குள் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

காசிமேட்டில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஆங்கில இலக்கணக் கையேடு திங்கட்கிழமை ஜெராக்ஸுக்குப் போகிறது. 'டிடெர்மினர்' பாடத்தில், அதாவது மை, தட், தி, எ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து எது, யாருடையது என்று காட்டும் சொற்களில், நின்றுவிட்டேன். நேற்று ஒரு பெண் 'மை தட் பாஸ்கெட்' என்று எழுதியிருந்தாள். 'என்னோட அந்தக் கூடை' என்று நாம் சொல்வோமே, அதேதான். ஆங்கிலத்தில் மை, தட், தி, எ இவற்றில் ஒன்று வந்தால் இன்னொன்று வராது. ஒரு பையன் 'பாய் லிஃப்டட் பாஸ்கெட்' என்றான். மீன் ஏலத்தில் 'கூடையத் தூக்கு' என்றால் எந்தக் கூடை என்று அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்திலோ எண்ணக்கூடிய பொருளின் ஒருமைப்பெயர் பொதுவாக இப்படி மொட்டையாக நிற்காது. 'பெயரடை' என்று எழுதினால் 'பிக்', 'ரெட்' கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். நல்ல சொல்லாகக் கொடுங்கள்.
– காசிமேடு ஆசிரியை

அம்மா, சொல் கையிலேயே இருக்கிறது: சுட்டு. 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்று தொல்காப்பியம் சொல்லியிருக்க, புதுச்சொல் எதற்கு? 'எ', 'ஆன்' வேறுபாட்டுக்கும் நம்மிடம் ஒரு, ஓர் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும், அவ்வளவே. அதனால்தான் 'ஆன் ஹவர்', 'எ யூனிவர்சிட்டி'.
– ராயபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, சுட்டில் 'மை', 'சம்', 'எவ்ரி' எங்கே அடங்கும்? 'விச் புக்' என்பதில் 'விச்' கூட டிடெர்மினர்தான். நம் இலக்கணம் அதை வினா என்று தனியே வைத்திருக்கிறது. 'டிடெர்மின்' என்பதன் வேர் எல்லையைக் குறிக்கும் இலத்தீன் 'தெர்மினுஸ்'. நமக்கு 'வரை' இருக்கிறது. வரை என்றால் எல்லை, மலை, மூங்கில். வரைதல் மணந்துகொள்வதும்கூட, அகத்துறையில் தோழி வரைவு கடாவுகிறாளே, அதாவது தலைவியை மணந்துகொள் என்று தலைவனை வற்புறுத்துகிறாளே! இன்னாள் எனக்குரியவள் என்று வரைந்துகொள்வது போல, இன்ன பொருள் என்று பெயரை வரைந்து காட்டும் சொல். ஆகவே 'வரையடை'. குறளின் 'வரைவின்மகளிர்' அதிகாரத்திலும் இதே வேர்தான்.
– தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்

தம்பி, வேர் சரி. ஆனால் அச்சில் 'வரையடை'யைப் பார்ப்பவர் 'வரையறை'யைத் தப்பாக அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். 'முன்சுட்டு' என்றால் ஒப்புக்கொள்கிறேன்.
– ராயபுரம்

அக்கா, கேள்வித்தாளில் 'டிடெர்மினர்' என்றுதான் வரும். அதையே எழுதுங்கள். பிள்ளைக்குப் புரிவதுதான் முதலில்.
– வியாசர்பாடி

எல்லாருக்கும் நன்றி. இன்று போர்டில் மூன்றையும் எழுதினேன். 'வரைன்னா படம் வரையறதா மிஸ்?' என்றான் ஒருவன். முன்சுட்டு என்றதும், 'மை எதைச் சுட்டுது?' என்று அந்தக் கூடைக்காரப் பெண்ணே கேட்டாள். பெயரை எல்லாம் விட்டுவிட்டு 'தட் பிக் ஃபிஷ்' என்று எழுதி, எந்த மீன், எப்படிப்பட்ட மீன் என்று கேட்டேன். முதல் கேள்விக்குத் 'தட்', இரண்டாவதற்குப் 'பிக்' என்று கத்தினார்கள். எது, யாருது, எவ்வளவு என்று கேட்டால் வருவது டிடெர்மினர், எப்படிப்பட்டது என்றால் வருவது பெயரடை என்று பிரித்துக் காட்டினேன். அதன் பிறகு ஒருவரும் குழம்பவில்லை. குழுவில் மூன்று பேர் வரையடைக்குக் கை தூக்கியிருப்பதால் தலைப்பில் 'டிடெர்மினர்', கீழே 'வரையடை' என்று போட்டுவிட்டேன்.
– காசிமேடு

போடுங்கள் அம்மா, ஜெராக்ஸ் நிற்க வேண்டாம். கடைக்காரர் அதை 'வரையறை' என்று திருத்திவிடாமல் கூடவே இருந்து பாருங்கள். 'முன்சுட்டு' என்ற என் கட்சியை நான் விடவில்லை. 'மை' எதைச் சுட்டுகிறது என்ற அந்தப் பெண்ணின் கேள்விக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.
– ராயபுரம்