ஒரே வைஃபை, ஆனால் மாடி லேப்டாப்புக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தெரியவில்லை

மாடிப்படி:
வணக்கம். மூன்று நாளாக மண்டை காய்கிறது. கீழே ஹாலில் விண்டோஸ் 10 டெஸ்க்டாப், அதில் யூஎஸ்பி கேபிளில் ஒரு லேசர் பிரிண்டர். வைஃபை இல்லாத பழைய மாடல்தான், ஆனால் டோனர் மலிவு, மாற்ற மனசில்லை. மாடியில் மகளிடம் விண்டோஸ் 11 லேப்டாப். இத்தனை நாள் அவள் பிடிஎஃபை வாட்ஸப்பில் அனுப்புவாள், நான் பிரிண்ட் போட்டு மாடியேறிப் போய்க் கொடுப்பேன். இப்போது முட்டி ஒத்துழைக்கவில்லை.

டெஸ்க்டாப்பில் பிரிண்டரையும் போட்டோ ஃபோல்டரையும் ஷேர் செய்துவிட்டேன். லேப்டாப்பில் நெட்வொர்க்கைத் திறந்தால் வெறிச்சென்று கிடக்கிறது. இரண்டுமே ஒரே வைஃபை, ஒரே பாஸ்வேர்ட். வீட்டுக் கம்ப்யூட்டர்களை இணைக்க முன்பு விண்டோஸில் இருந்த ஹோம்குரூப்பைத் தேடினேன், அதையும் காணோம்.

சுடச்சுட:
ஃபயர்வாலை ஆஃப் செய்யுங்கள், எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

கம்பிவலை:
சார், தயவுசெய்து அந்த இரண்டையும் செய்யாதீர்கள். எஸ்எம்பி 1 என்பது விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். விண்டோஸ் 10-ம் 11-ம் பேசிக்கொள்ள அது தேவையே இல்லை. ஹோம்குரூப்பை 2018-ல் வந்த 1803 பதிப்போடு தூக்கிவிட்டார்கள், தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கொடுத்து, ஐபிவி4 முகவரி என்ன, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வாசல்) என்ன என்று எழுதுங்கள். வீட்டில் வைஃபை பெட்டி எத்தனை இருக்கிறது?

மாடிப்படி:
டெஸ்க்டாப் 192.168.1.5, கேட்வே 192.168.1.1.
லேப்டாப் 192.168.0.104, கேட்வே 192.168.0.1.

பெட்டி இரண்டு. ஹாலில் இணைய இணைப்புக்காரர்கள் வைத்த ஃபைபர் மோடம். மாடிக்கு சிக்னல் ஏறவில்லை என்று என் மச்சான் ஒரு ரவுட்டர் வாங்கி, மோடத்தில் இருந்து கேபிள் இழுத்து மாடியில் வைத்துக் கொடுத்தார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்தால் குழப்பம் வராது என்றார்.

கம்பிவலை:
குழப்பமே அங்கேதான் சார். வைஃபையின் பெயர் ஒன்றாக இருந்தால் நெட்வொர்க் ஒன்றாகிவிடாது. டெஸ்க்டாப்பின் முகவரியில் மூன்றாவது எண் 1, லேப்டாப்பில் 0. இரண்டும் வெவ்வேறு தெரு.

மோடத்தில் இருந்து வரும் கேபிள் மாடி ரவுட்டரில் வான் போர்ட்டில் செருகியிருக்கும் (இணையம் உள்ளே வரும் துளை; மற்றவற்றில் இருந்து தள்ளி, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும்). அப்படிச் செருகினால் அந்த ரவுட்டர் வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டி, வாசலில் வாட்ச்மேனையும் நிறுத்திவிடும். உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம், வெளியே இருந்து யாரும் உள்ளே வர முடியாது. நெட்வொர்க்கில் 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று விண்டோஸ் போடும் சத்தமும் அந்த வாசலைத் தாண்டாது. அதனால்தான் வெறிச்சென்று தெரிகிறது.

சோதித்துப் பாருங்கள். லேப்டாப்பில் இருந்து 192.168.1.5-க்கு பிங் (அந்த முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் பதில் வரும். டெஸ்க்டாப்பில் இருந்து 192.168.0.104-க்குக் கொடுத்தால் வராது.

மாடிப்படி:
ஜோசியம் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். மேலிருந்து பதில் வருகிறது, கீழிருந்து 'டைம்டு அவுட்' நான்கு முறை.

கம்பிவலை:
பிரிண்ட் மட்டும் போதும் என்றால், லேப்டாப்பில் \\192.168.1.5 என்று அடித்தாலே டெஸ்க்டாப் திறக்கும். ஆனால் அது அரைகுறை வேலை, லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரை நீங்கள் கீழே இருந்து பார்க்கவே முடியாது. மாடி ரவுட்டரை, தனி நெட்வொர்க் கட்டாமல் வைஃபை மட்டும் பரப்பும் வெறும் ஆக்சஸ் பாயின்ட் ஆக்கிவிடுவது நல்லது. செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது.

இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். வரிசை முக்கியம். முதலில் வான் போர்ட்டில் உள்ள கேபிளை உருவிவிடுங்கள். அது செருகியிருந்தால் இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை என்று சில ரவுட்டர்கள் புது முகவரியை ஏற்காது. பிறகு ரவுட்டரின் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். அது திரும்ப எழுந்ததும் புது முகவரியில் உள்ளே போய், தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாகக் கேபிளை ஏதாவது ஒரு லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

மாடிப்படி:
வரிசையில் கோட்டை விட்டுவிட்டேன். மோட் எதுவும் இல்லாத ரவுட்டர். டிஹெச்சிபி முதலில் கண்ணில் பட்டது, ஆஃப் செய்து சேவ் கொடுத்துவிட்டேன். இப்போது லேப்டாப் முகவரி 169.254 என்று ஏதோ காட்டுகிறது, ரவுட்டர் பக்கமும் திறக்கவில்லை. மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

பழைய பென்டியம்:
இதற்கெல்லாம் பயப்படாதீர்கள் அண்ணே, எல்லோரும் ஒரு தடவை இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான். முகவரி கொடுக்க ஆள் இல்லாததால் லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது, அதுதான் 169.254. வைஃபை பண்புகளில் ஐபியை மேனுவல் ஆக்கி 192.168.0.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று போடுங்கள். 192.168.0.1 திறக்கும். அங்கே லேன் முகவரியை மாற்றிவிட்டு, கேபிளை லேன் போர்ட்டுக்கு மாற்றிச் செருகுங்கள். முடிந்ததும் லேப்டாப்பை மறக்காமல் திரும்ப ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

மாடிப்படி:
திறந்தது! இப்போது லேப்டாப் 192.168.1.8, இன்டர்நெட்டும் வருகிறது. ஆனால் நெட்வொர்க்கில் இன்னும் டெஸ்க்டாப் தெரியவில்லை.

கம்பிவலை:
கேட்வே மாறிவிட்டதால் லேப்டாப் இதைப் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு, பப்ளிக் என்று வைத்திருக்கும். வைஃபை பண்புகளில் பிரைவேட் ஆக்குங்கள். நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்கும் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபயர்வால் அது பாட்டுக்கு ஆனிலேயே இருக்கட்டும்.

மாடிப்படி:
டெஸ்க்டாப் தெரிகிறது! க்ளிக் செய்தால் பயனர் பெயர், பாஸ்வேர்ட் கேட்கிறது. டெஸ்க்டாப்புக்கு நான் பாஸ்வேர்டே வைக்கவில்லையே. காலியாக விட்டு எண்டர் தட்டினால் ஏற்கவில்லை. மகள் அவளுடைய பின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள், அதுவும் இல்லை.

பழைய பென்டியம்:
பாஸ்வேர்ட் இல்லாத கணக்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் செல்லும், நெட்வொர்க் வழியாக வந்தால் விண்டோஸ் விடாது. பின் எண் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் சொந்தம், லேப்டாப் பின் டெஸ்க்டாப்பில் எடுபடாது.

டெஸ்க்டாப்பில் ஷேரிங்குக்கு என்றே ஒரு லோக்கல் கணக்கு, பாஸ்வேர்டுடன் உருவாக்குங்கள். ஃபோல்டரில் ஷேரிங், செக்யூரிட்டி இரண்டு இடத்திலும் அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் கொடுத்துவிட்டு 'ஆக்சஸ் டினைட்' என்று புலம்புகிறவர்கள் நிறைய. லேப்டாப்பில் கேட்கும்போது கம்ப்யூட்டர் பெயர்\கணக்கின் பெயர் என்று முழுசாக அடித்து, நினைவில் வைத்துக்கொள் என்பதையும் டிக் செய்யுங்கள்.

மாடிப்படி:
போட்டோ ஃபோல்டர் வந்துவிட்டது. பிரிண்டரைச் சேர்க்கப் போனால் மட்டும் 11பி என்று முடியும் ஒரு பிழை.

ஸ்பூலர்சாமி:
என் பேட்டைக்கு வந்துவிட்டீர்கள். 2021-ல் விண்டோஸின் பிரிண்ட் சேவையில் இருந்த பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை வெளியானது, அதே ஆண்டு செப்டம்பர் அப்டேட்டில் பிரிண்டர் ஷேரிங்கை இறுக்கினார்கள். அப்போதிருந்து வரும் தலைவலி இது. முதலில் இரண்டிலும் எல்லா அப்டேட்டையும் போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணைச் சுழியம் ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். வேலை செய்யும்தான், ஆனால் அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறப்பது அது.

அப்டேட்டிலும் சரியாகவில்லை என்றால் நான் செய்வது இது. பிரிண்டரின் டிரைவரை லேப்டாப்பில் நேரடியாக நிறுவுங்கள். பிறகு பிரிண்டர் சேர்க்கும் இடத்தில் மேனுவலைத் தேர்ந்தெடுத்து, புதிய போர்ட், வகை லோக்கல் போர்ட், பெயர் \\டெஸ்க்டாப் பெயர்\பிரிண்டர் ஷேர் பெயர். லேப்டாப் அதைத் தன் சொந்த பிரிண்டர் என்று நினைத்துக்கொள்ளும். ஷேர் பெயரை இடைவெளி இல்லாமல் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி:
வந்துவிட்டது! அப்டேட்டில் சரியாகவில்லை, லோக்கல் போர்ட் வழிதான் கைகொடுத்தது. மாடியில் மகள் தட்டிய எட்டு நொடியில் கீழே பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது. முதல் பக்கம், அவளுடைய பரீட்சை ஹால் டிக்கெட். அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறியது என்னவோ நான்தான்.

ஒரே ஒரு சந்தேகம். மதியம் தூங்கி எழுந்து பார்த்தால் லேப்டாப்பில் பிரிண்டர் ஆஃப்லைன்.

கம்பிவலை:
நீங்கள் தூங்கும்போது டெஸ்க்டாப்பும் தூங்கியிருக்கும் சார். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். ஸ்கிரீன் மட்டும் அணையட்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அந்தப் பெட்டி 11-ஐத் தாங்குமா என்று ஒரு நாள் பாருங்கள்.

மாடிப்படி:
ஸ்லீப்பை மாற்றிவிட்டேன், நன்றி. மச்சான் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார். வான் போர்ட் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார். இந்த இழையை பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.