புதுப்பிப்பு: ஆட்டோ ஹப்பைக் கழற்றியாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: என் பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்பில் இறக்கத்தில் முன் சக்கரத்துப் பக்கம் கடகடவென்று சத்தம்; ஆட்டோ ஹப்பை (முன் சக்கரத்தை, அதைச் சுழற்றும் தண்டான ஆக்ஸிலோடு தானாகவே பூட்டி விடுவிக்கும் பாகம்) சரிசெய்வதா, கையால் திருப்பிப் பூட்டும் ஹப்புக்கு மாறுவதா என்று.

பிரித்துப் பார்த்தோம். கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது, ஹப்பைப் பூட்டத் தள்ளும் கேம் என்ற உறுப்பும் தேய்ந்திருந்தது. இறக்கத்தில் மட்டும் ஏன் சத்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆக்ஸில் சக்கரத்தைத் தள்ளும் விசையில்தான் இந்த ஹப் பூட்டிக்கொள்கிறது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் சக்கரம் ஆக்ஸிலைத் தள்ளுகிறது. விசையின் திசை மாறி, ஹப் கழன்று மறுபடி பூட்டப் பார்க்கிறது. என்ஜினே வண்டியை மெதுவாக்கும் என்ஜின் பிரேக்கிங் அதிகம் தேவைப்படும் இடத்திலா முன் சக்கரம் கைவிடுவது!

கை ஹப்பே மாட்டியாச்சு. 1948இல் வார்ன் நிறுவனம் போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்குச் செய்த அதே யோசனைதான். அதைப் பூட்டச் சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினீர்கள். உண்மைதான், செருப்போடு போனது என் தப்பு. இப்போது மண் பாதைக்கு முன்பே இரண்டு பக்கமும் பூட்டிவிடுகிறேன். பூட்டியபடியே டூ வீல் டிரைவில் தார்ச் சாலையிலும் ஓட்டலாம். முன் ஆக்ஸில் சும்மா சுற்றும், அவ்வளவுதான்.

எதிர்பாராத லாபம் ஒன்று: ஹப்பின் பூட்டை விடுவித்துவிட்டு, நாலு சக்கரத்துக்குமான மெதுவான கியரான லோ ரேஞ்ச் போட்டால் பின் சக்கரம் மட்டும் மெதுவாக இழுக்கிறது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க அருமை.

அப்புறம், கை ஹப்பால் மைலேஜ் மாறுமா என்று கேட்டவருக்கு: எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.