புதுப்பிப்பு: எல்.எல்.பி.யிலிருந்து பங்குதாரர் விலகல்

புதுச்சேரியில் பதிவான எல்.எல்.பி.யிலிருந்து (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை நிறுவனம்) மூவரில் ஒருவர் விலகுவது பற்றிய முந்தைய இழையில், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு 30 நாள் எழுத்து நோட்டீஸ் போதும் என்று எழுதியிருந்தேன். அது பாதி வேலைதான்.

ஏப்ரல் 1-இல் நோட்டீஸ் கொடுத்தால் மே 1-இல் விலகல். அதிலிருந்து 30 நாளுக்குள், அதாவது மே 31-க்குள், நிறுவனப் பதிவாளரிடம் விலகலைத் தெரிவிக்கும் படிவம் 4-ஐ நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தத் திருத்தத்துக்குப் படிவம் 3. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிவாளருக்கும் தகவல் போகாமல், கடலூர் சிப்காட்டில் கடனுக்குச் சரக்கு தருபவருக்கும் விஷயம் தெரியாமல் இருந்தால், அவரைப் பொறுத்தவரை விலகியவர் இன்னும் பங்குதாரர்தான் (எல்.எல்.பி. சட்டம் 2008, பிரிவு 24).

மற்றவர்கள் இழுத்தடித்தால் கவலை வேண்டாம். பிரிவு 25-இன்படி விலகியவரே தாக்கல் செய்யலாம். பதிவாளர் நிறுவனத்திடம் உறுதி கேட்பார். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் பதிந்துவிடுவார். நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

போட்ட மூலதனமும் லாபப் பங்கும், நட்டம் கழித்து, விலகிய தேதிக் கணக்குப்படி கிடைக்கும்.

இரண்டே பேர் உள்ள நிறுவனமா? ஒருவர் போனபின் 6 மாதத்துக்கு மேல் தெரிந்தே தனியாக நடத்தினால், அதற்குப் பிந்தைய கடன்கள் மீதமிருப்பவர் தலையில் நேரடியாக விழும்.