காற்றோடு மழை பெய்தால் கேஸ் கெய்சருக்குள் நீர் இறங்குகிறது

திருநகர் வாசி கேட்டது:
மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டு வராந்தாவில் கேஸ் கெய்சர் மாட்டி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் புகைக்குழாய் மேலே எழும்பி, ஒரு வளைவு திரும்பி, கிழக்குச் சுவர் வழியாக வெளியே போகிறது. ஐப்பசி பிறந்ததிலிருந்து, இரவில் காற்றோடு மழை அடித்தால் மறுநாள் காலையில் கெய்சரின் அடியில் ஒரு டம்ளர் அளவுக்குத் துருநிற நீர் தேங்கியிருக்கிறது. குழாயைத் திறந்தால் பொறி தட்டும் ஓசை மட்டும் கேட்கிறது; தீ பற்றுவதில்லை. பேட்டரிகளை மாற்றியும் பயனில்லை. ஒரு நாள் எப்படியோ பற்றியபோது தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. மழைக்காலம் முடியும் வரை குழாயின் வாயில் பாலித்தீன் உறையைக் கட்டிவைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கெய்சர் பழுதுபார்ப்பவர், சிம்மக்கல்:
உறை கட்டும் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள், ஐயா. கட்டியதை மறந்து யாராவது வெந்நீருக்குக் குழாயைத் திறந்தால், போக வழியில்லாத புகை வீட்டுக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மஞ்சள் தீயும் அதே அபாயத்தின் அறிகுறிதான்: பர்னரின் துளைகளை நீரும் துருவும் அடைத்துக்கொண்டால் காற்று போதாமல் வாயு அரைகுறையாக எரியும். ஆகவே ரெகுலேட்டரை மூடிவிட்டு, சரிசெய்யும் வரை அடுப்பிலேயே வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தது மழைநீர்தானா என்பதையும் பார்க்க வேண்டும். சமையல் வாயு எரியும்போதே நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர்ந்தால் ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாக வெளியேறும் என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். குழாய் நீளமாக இருந்து குளிர்ந்துவிட்டால் அந்த ஆவியே உள்ளே வேர்த்துச் சொட்டும். மழைக்குப் பிறகு மட்டும் நீர் வருமானால் குழாயின் சாய்வையும் முனையிலுள்ள தொப்பியையும் கவனியுங்கள். உங்கள் வகைக் கெய்சரில் கிடையாகப் போகும் பகுதி வெளிப்பக்கம் தாழ்ந்திருக்க வேண்டும்.

மேலூர்க்காரர், தற்போது இங்கிலாந்தில்:
இணையக் காணொளிகளைப் பார்த்துக் குழாயை மாற்றிச் சாய்த்துவிடாதீர்கள். இங்கே 2005 முதல் புதிதாகப் பொருத்தப்படும் பாய்லர்கள் பெரும்பாலும் ஆவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் எடுத்துக்கொள்ளும் கண்டென்சிங் வகையைச் சேர்ந்தவை; அந்த நீர் வடிய உள்ளேயே தனி வழி இருப்பதால், புகைக்குழாயைப் பாய்லரை நோக்கித் தாழ்த்தியே பொருத்துகிறார்கள். நம்மூர்க் கெய்சரில் அத்தகைய வடிகால் கிடையாது.

திருநகர் வாசி:
இரவில் நாங்கள் கெய்சரைத் தொடுவதே இல்லை. எனவே காலையில் நின்ற நீர் வேர்வையாக இருக்க வழியில்லை. பக்கத்தில் வேலை செய்யும் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிக் குழாயின்மேல் வைத்துப் பார்த்தேன். குமிழி வெளிப்பக்கமே ஓடியது. சென்ற கோடையில் சுவரைப் பூசியவர்கள் குழாயைக் கழற்றி, உள்ளே சரியும்படி சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். முனையில் இருந்த தொப்பியையும் காணவில்லை.

கெய்சர் பழுதுபார்ப்பவர், சிம்மக்கல்:
அப்படியானால் வாடைக்காற்று அடித்த மழை முழுவதும் நேரே உள்ளே வந்திருக்கிறது. சிமெண்டைக் கொத்தியெடுத்துக் குழாயை வெளிப்பக்கம் தாழ்த்தி, புதுத் தொப்பி போடச் சொல்லுங்கள். பூச்சிக்குப் பயந்து அதில் கொசுவலை வைக்க வேண்டாம், கரி அடைத்துக்கொள்ளும். பர்னரையும் அதன் மேலுள்ள செம்புக் கூட்டையும் பழுதுபார்ப்பவர் கழற்றிச் சுத்தம் செய்து உலர்த்திய பிறகு, தீ நீலமாக நின்று எரிவதை நேரில் பார்த்துவிட்டே அவரை அனுப்புங்கள்.