மறு: மறு: இடுப்பு மூட்டில் ‘இம்பிஞ்ச்மென்ட்’ – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான நூலில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் பற்றிய அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். குருத்தெலும்பு, வளர்தகடு (வளரும் வயதில் எலும்பு நீளும் இடம்), எலும்பு முள் எல்லாம் தடையில்லாமல் வந்துவிட்டன. ‘இம்பிஞ்ச்மென்ட்’ வரும் இடத்தில் மூன்று நாளாக நிற்கிறேன். தொடையெலும்பின் கழுத்து, இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் போய்ப் படுகிறது, இவ்வளவுதான் பொருள். ‘உரசல்’ என்று எழுதிப் பார்த்தேன். சம்பந்திகளுக்குள் மனத்தாங்கல் போலத் தொனிக்கிறது.

எலும்பு மருத்துவர், திங்கள் மதியம்

உரசல் வேண்டாம். மேற்பரப்பு முழுதும் தேய்கிறது என்ற பழைய எண்ணத்துக்கே அது இட்டுச்செல்லும். இந்த நோயை ‘வயதானால் வருவது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டிருந்த காலத்தில், காரணம் தெரியாதவை என்று ஒதுக்கிய மூட்டுகளின் படங்களை மர்ரே என்ற கதிரியல் மருத்துவர் ஆராய்ந்தார். பலவற்றில் எலும்பின் வடிவமே சற்றுக் கோணலாக இருக்கிறது என்று 1965இல் எழுதினார். 2003இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர், அந்தக் கோணல் எப்படிக் கெடுதல் செய்கிறது என்பதை விளக்கினார்கள்.

தொடையெலும்பின் உச்சியில் உள்ள பந்தும் அதன் கழுத்தும் சேருமிடம் உடுக்கையின் இடைபோல ஒடுங்கியிருக்க வேண்டும். அங்கே புடைத்திருந்தால், தொடையை மடக்கி உள்பக்கம் திருப்பும்போது அந்தப் புடைப்பு கிண்ணத்தின் முன்மேல் விளிம்புக்குள் திணிந்துகொண்டு போகிறது. விளிம்பு வளையம் கிழிகிறது. பக்கத்துக் குருத்தெலும்பு, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பொருக்குவிடுவதுபோல அடியெலும்பிலிருந்து கிளம்புகிறது. குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, ரத்தக் குழாயும் இல்லை. ஆகவே ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பல வருடம் நடமாடுவார்.

தமிழாசிரியர் (ஓய்வு), திங்கள் இரவு

மருத்துவர் ஐயா சொன்னதைப் படித்ததும் எனக்குக் குறுந்தொகை 290தான் நினைவுக்கு வந்தது. ‘கல்பொரு சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகுதுமே.’ கல்லில் மோதும் நுரை மெல்ல மெல்ல இல்லாமல் போகிறது. உங்கள் குருத்தெலும்புக்கு இதைவிட என்ன வேண்டும்? சொல் ‘பொருதல்’. புறநானூறு 192இலும் ‘கல்பொருது இரங்கும்’ ஆறு உண்டு. மேலும், பொரு என்ற வேரிலிருந்துதான் போர் வந்தது. பொருந்து, பொருத்து என்பவையும் அங்கிருந்தே கிளைத்தன என்பேன். மோதுவதும் இசைவதும் ஒரே வேரில்! மூட்டு என்பதே பொருந்துவதும் பொருவதும்தானே? இதை விரித்து நாளை எழுதுகிறேன்.

இயன்முறை ஆசிரியை, செவ்வாய்

ஐயா, விரிக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘இடுப்பில் பொருதல்’ என்று வகுப்பில் சொன்னால் பாதிப் பேர் ‘பொருத்தல்’ என்று எழுதிவைப்பார்கள். செயற்கை மூட்டு பொருத்துகிற அறுவை என்றே படித்துவிட்டுப் போவார்கள். எனக்கு ‘முட்டல்’ போதும். சங்கச் சான்று கட்டாயம் என்றால் அதே குறுந்தொகையில் 28ஆம் பாட்டு: ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்.’ ஔவையார் சொன்னது.

தமிழாசிரியர், செவ்வாய் இரவு

அங்கே முட்டுவது தலைவியின் ஆற்றாமை, எலும்பு அன்று. ஆனால் ஔவையை எதிர்த்து நான் எழுதமாட்டேன். முட்டி என்றால் முழங்கால் என்று நோயாளி எடுத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

எலும்பு மருத்துவர், புதன்

நோயாளியிடம் நான் சொல்வது ‘இடிக்கிறது’. நிலைவாசலில் தலை இடிக்கிறது, கதவு நிலையில் இடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம். படுக்கவைத்து, தொடையைச் செங்குத்தாக மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளினால் தொடை உள்பக்கம் திரும்பும். அந்தத் திருப்பம்தான் முதலில் குறைகிறது. அப்போது அவரே ‘இங்கே இடிக்கிறது’ என்று தொடையிடுக்கில் கை வைப்பார். ‘இடிப்பு’ என்று வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், புதன் மாலை

ஆசையோடு மாற்றிப் பார்த்தேன். ‘இடுப்பு இடிப்பு.’ பத்தியை வாய்விட்டுப் படித்தபோது நாக்கு புரண்டது. புணர்த்தினால் ‘இடுப்பிடிப்பு’, மெய்ப்புத் திருத்துபவர் அதை ‘இடுப்புப் பிடிப்பு’ என்று திருத்தி அனுப்பிவிட்டார்! குனிந்து நிமிர்ந்தால் வருகிற பிடிப்புக்கும் இதற்கும் என்ன உறவு?

இயன்முறை ஆசிரியை, புதன் இரவு

குற்றம் இடிப்பின் மேல் இல்லை, இடுப்பின் மேல். அந்தச் சொல்லே நமக்குச் சரிப்படவில்லை. இடுப்பு என்றால் பலர் தொடுவது அரைஞாண் கட்டும் இடத்தை. இடுப்பு வலி என்றால் பிரசவம். நோவதோ தொடையிடுக்கில்; சிலருக்கு முழங்காலில் மட்டும் நோகும். ‘தொடைமூட்டு’ என்று மாற்றக் கூடாதா?

மொழிபெயர்ப்பாளர், புதன் நள்ளிரவு

நூலின் தலைப்பிலேயே இடுப்பு இருக்கிறது அம்மா. மன்னியுங்கள்.

ஈழத்திலிருந்து ஓர் உறுப்பினர், வியாழன்

நாங்கள் படித்த உயிரியலில் குருத்தெலும்பு இல்லை, கசியிழையம்தான். எலும்பே இல்லாத ஒன்றை எலும்பு என்பானேன்? கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான். ‘தேய்மானம்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. தேய்வதோடு எலும்பு முள் முளைக்கிறது, அடியெலும்பு தடிக்கிறது, மூட்டுச் சவ்வில் மெல்லிய அழற்சியும் உண்டு. செருப்பா இது, தேய்ந்துபோவதற்கு?

எலும்பு மருத்துவர், வியாழன் காலை

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேய்மானத்தை இனி மக்கள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: இப்போது தேடும் சொல்லை நோய்க்காரணம் எல்லாவற்றுக்கும் பூசிவிடாதீர்கள். கிண்ணம் ஆழமில்லாமல் பிறந்தவர்களுக்கு எதுவும் இடிப்பதில்லை. பந்து வெளியே நழுவப் பார்க்கிறது. பாரம் முழுதும் சிறு பரப்பில் விழுகிறது. கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்று படத்தில் அளக்க விபெர்க் என்ற மருத்துவர் 1939இல் சொன்ன கோணம் 20 பாகைக்குக் கீழே இருந்தால் அந்தக் கதை. புடைப்பு இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. வளர்தகடு மூடாத வயதில் கடுமையாக விளையாடுகிற பையன்களிடம் புடைப்பு கூடுதலாகத் தென்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள்.

இயன்முறை ஆசிரியை, வியாழன் மாலை

அப்படியானால் ‘விளிம்பு முட்டல்’. எது எதில் படுகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது, இடுப்பும் இல்லை, முட்டியும் இல்லை. கழுத்தில் புடைப்பு இருந்தால் ‘புடைப்பு முட்டல்’. கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மேல் கவிந்திருந்தால் ‘கவிவு முட்டல்’.

தமிழாசிரியர், வியாழன் இரவு

புடைப்பு வகைக்கு ஆங்கிலக்காரன் வைத்த ‘கேம்’ என்ற பெயர் இயந்திரத்திலிருந்து எடுத்தது. நம் இயந்திரவியலார் அதற்கு ‘நெம்புருள்’ என்று அழகான சொல் வைத்திருக்கிறார்கள். நெம்பும் உருளை! அதை விட்டுவிட்டுப் புடைப்பு, வீக்கம் என்று…

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி விடியற்காலை

ஐயா, மணி நாலு. விளிம்பு முட்டல், புடைப்பு முட்டல், கவிவு முட்டல் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆதரவு நான்கு, எதிர்ப்பு ஒன்று. குருத்தெலும்புக்குச் சொல்லடைவில் கசியிழையமும் சேர்த்திருக்கிறேன்.

எலும்பு மருத்துவர், வெள்ளி

எண்ணிக்கையில் என்னைச் சேர்த்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. புத்தகத்தில் முட்டட்டும். என் அறையில் இடிக்கத்தான் செய்யும்.

தமிழாசிரியர், சனி

எதிர்ப்பு இரண்டு என்று திருத்துக. பொருதல் பற்றிய கட்டுரை இணைப்பில் இருக்கிறது, பதினோரு பக்கம்.